படிக்கட்டு இல்லாத முருகன் மலை

பெங்களூர்த் தமிழர் வீடுகளில், கர்நாடகத்து முருகன் கோயிலான குக்கே சுப்ரமண்யா என்றாலே சர்ப்ப தோஷம்தான். கல்யாணம் தட்டிப் போகிறதா, குழந்தை தங்கவில்லையா, ஜோசியர் ஜாதகத்தை மூடும்போதே "குக்கே போய் ஆஸ்லேஷா பலி பூஜை பண்ணிட்டு வந்துடுங்க" என்பார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பஸ், காலையில் பூஜை, மத்தியானம் கோயில் அன்னதானம், மறுபடி பஸ். ஊருக்குப் பின்னால் மேகத்துக்குள் நிற்கும் குமார பர்வதத்தை வாசலில் நின்று ஒரு கும்பிடு போடுவதோடு சரி. அல்சூரில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். அந்த மலையையும் ஏறி இறங்கினால்தான் குக்கே தரிசனம் முழுமை என்பது என் கட்சி.

நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறைக்கு மலை தாங்காத கூட்டம் வந்ததில், கர்நாடக அரசு மலையேற்றத்தையே நிறுத்திவைத்தது. அதற்கப்புறம் ஆன்லைனில் பதிந்தவர்களுக்குத்தான் அனுமதி. மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். திறந்த கையோடு நானும் தம்பியும் கிளம்பினோம்.

குக்கேயிலிருந்து உச்சி சுமார் 13 கிலோமீட்டர். உச்சியின் உயரம் 1,712 மீட்டர். விடிந்தும் விடியாமலும் காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே தம்பி நின்றுவிட்டான். "அக்கா, படி எப்போ வரும்?" அவனைக் குறை சொல்ல முடியாது. திருத்தணியில் வருஷத்தின் நாள் கணக்குக்கு 365 படி, சுவாமிமலையில் தமிழ் வருஷங்களின் கணக்குக்கு 60 படி என்று எண்ணி ஏறிப் பழகின குடும்பம். இங்கே மரவேர்தான் படி. அதுவும் ஈரத்தில் வழுக்குகிற வேர். பீமன கல்லு என்கிற பெரிய பாறையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினால், விரலிடுக்கில் ஓர் அட்டை. குடித்துக் குண்டாகி, தானாகவே கழன்று விழத் தயாராக இருந்தது. உப்பைத் தொட்டு வைத்ததும் சுருண்டது. கடித்தது தெரியவேயில்லை, ரத்தம்தான் நிற்க நேரமாயிற்று.

காடு முடிகிற இடத்தில் பட்டர மனெ. மலையேறுகிறவர்களுக்குச் சோறு போடும் வீடு. போகும்போதே சொல்லிவைத்துவிட்டு மேலே கிரிகத்தே வனத்துறைச் சாவடிக்குப் போனோம். பையைக் கவிழ்த்து, தண்ணீர் பாட்டில்களை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். எடுத்துப் போனதைத் திரும்பக் காட்ட வேண்டும். தம்பி பையிலிருந்த கற்பூரத்தைப் பார்த்ததும் காவலர் கூடாது என்று தலையசைத்தார். வெயில் காலத்தில் இந்தப் புல்வெளி ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். உற்சாகத்தில் இவன் "அரோகரா" என்று ஒரு குரல் கொடுக்கவும், "கூகபேடி, ஆனெ இதெ" என்றார். கத்தாதே, யானை இருக்கிறது என்று. ஆக கற்பூரமும் இல்லை, அரோகராவும் இல்லை. முருகன் மலையில் இதைவிடக் கடுமையான விரதம் இருக்கிறதா என்ன!

அதற்கு மேல் நிழலே கிடையாது. இரண்டு பக்கமும் புல் சரிவு, நேரே செங்குத்தான முகடு. கல்லு மண்டபத்தில் நாலு கல்தூணின் நிழலில் படுத்துக் கிடந்தபோது தம்பி ஒரு சந்தேகம் கேட்டான். சூரசம்ஹாரம் திருச்செந்தூரில், தெய்வானை கல்யாணம் திருப்பரங்குன்றத்தில். இந்த ஊர் தலபுராணமோ வேறு சொல்கிறது. அசுரர்களை வதைத்துவிட்டு வந்து சக்தி ஆயுதத்தை இங்கே கழுவினார், அந்தத் தண்ணீர்தான் குமாரதாரா நதி. தேவசேனையை மார்கசிர சுத்த சஷ்டியில், அதாவது சம்பா சஷ்டியில் மணந்ததும் இந்த மலையில்தான். எது சரி? குன்றுதோறாடுகிறவனிடம் போய் விலாசம் கேட்பானேன் என்றேன். அந்தச் சம்பா சஷ்டிக்கு ஓடுகிற தேருக்குப் பிரம்பு வெட்டி வந்து கட்டுகிறவர்கள் இந்தக் காட்டுப் பழங்குடிகளான மலெகுடியர்கள். அந்த வகையில் பார்த்தால் வருஷாவருஷம் காடே கோயிலுக்கு இறங்கி வருகிறது.

உச்சிக்கு முன்னால் வரும் சிகரமான சேஷ பர்வதம் பெயருக்கேற்றபடி படமெடுத்த பாம்புதான். ஒரு பக்கம் பாதாளம், காற்று ஆளைத் தள்ளுகிறது. அங்கேயே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அடுத்து சோலைக்காட்டுக்குள் இறங்கி, ஈரம் கசியும் பாறையில் கையும் காலுமாகத் தொற்றி ஏறினால் உச்சி. தென் கன்னட மாவட்டத்தில் ஏற ஆரம்பித்து, குடகு மாவட்டத்தில் நிற்கிறோம். கோபுரம் இல்லை, அர்ச்சகர் இல்லை, வரிசை இல்லை. கல் அடுக்கின சின்னச் சன்னதி ஒன்று. பையில் வைத்திருந்த விபூதியை இட்டுக்கொண்டோம். என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே எனக்கு அப்போது மறந்து போயிருந்தது. மறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இறக்கத்தில் முழங்கால் தன் வேலையைக் காட்டியது. பட்டர மனெயில் ஆவி பறக்கிற சோறு, சாம்பார், கூடவே நீர்மோர். மூன்றாவது தம்ளர் மோரைத் தம்பி கேட்காமலே ஊற்றினார்கள்.

மறுநாள் குமாரதாராவில் முங்கி எழுந்து கோயிலுக்குப் போனோம். இங்கே பின்வாசல் வழியாக நுழைந்து, சுற்றிக்கொண்டுதான் சுவாமிக்கு முன்னால் வர வேண்டும். கருவறைக்கு எதிரே வெள்ளிக் கவசமிட்ட கருட கம்பம். உள்ளே இருக்கும் வாசுகியின் விஷமூச்சு பக்தர்கள்மேல் படாமல் காக்கிறதாம். ஆதி சுப்ரமண்யா சன்னதிக்கும் போய்விட்டு, பிரசாதமாகப் புற்றுமண் வாங்கிக்கொண்டோம்.

சோமவாரப்பேட்டை பக்கம் பீதஹள்ளியிலிருந்து ஏறினால் தூரம் பாதிதான் என்று பஸ்ஸில் யாரோ சொல்ல, தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் பட்டர மனெ கிடையாது என்று சொன்னதும்தான் வாயை மூடினான்.