நேதாஜியின் அரசு: ஆள், காசு, அரிசி

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்கள் டெல்டாவில் ஏராளம். நேதாஜியைப் பற்றி இங்கே பேசும்போது அவர்களை விட்டுவிடுகிறோம். அவர் அமைத்த அரசு அவர்கள் தோளில்தான் நின்றது.

1943 அக்டோபர் 21, சிங்கப்பூர் கத்தே திரையரங்கம். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அங்கே அறிவிக்கப்பட்டது. அதன் தலைவர், பிரதமர், போர், வெளியுறவு எல்லாம் சுபாஷ் போஸே. நிதி ஏ.சி.சட்டர்ஜி, பிரசாரம் எஸ்.ஏ.அய்யர், மகளிர் துறை கேப்டன் லட்சுமி. ஒன்பது அரசுகள் அங்கீகரித்தன. எல்லாம் ஜெர்மனி, ஜப்பானின் அச்சு அணியைச் சார்ந்தவை. அந்தமானைக் கொடுத்ததாக ஜப்பானியர் அறிவித்தார்கள், பிடி அவர்கள் கடற்படையிடமே இருந்தது. ஆக, நிலம் கிடையாது. தோட்டக் கூலிகள் ஆளாக வந்தார்கள், பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். செல்வர்களிடம் சொத்தில் ஒரு பங்கு வசூலானது. அதில் கட்டாயமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

ஜப்பானியத் தளபதிகள் போஸின் படையான இந்திய தேசிய ராணுவத்தை வழிகாட்டவும் உளவுக்கும் பிரித்துப்போடப் பார்த்தார்கள். தனிப் படையாகவே சண்டைக்குப் போகும் என்று போஸ் பிடிவாதமாக நின்றார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்த முடிவுகளில் இது ஒன்று. ஆனால் லாரியும் அரிசியும் ஜப்பானியர் கையில் இருந்தன.

1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து மணிப்பூரின் இம்பால் மீது படையெடுப்பு தொடங்கியது. சில வாரத்தில் ஊரைப் பிடித்து அங்குள்ள கிடங்கில் சாப்பிடலாம் என்பது ஜப்பானிய ஜெனரல் முத்தகுச்சியின் கணக்கு. உணவுக்கென ஓட்டிவந்த மாடுகளில் பல சிந்த்வின் ஆற்றைத் தாண்டும்போதே போயின. பர்மாவின் சின் மலையில் ஹாக்கா, ஃபாலம் ஊர்களைக் காத்துநின்ற இந்திய தேசிய ராணுவத்தின் சுபாஷ் பிரிகேடுக்கு அரிசி தலைச்சுமையாக ஏற வேண்டும். சுமப்பவனும் அதில்தான் சாப்பிட வேண்டும். இம்பால் விழவில்லை. மே மாதம் மழை பிடித்ததும் மலைப்பாதை சேறானது. அடைமழையில் வண்டித்தடம் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். அப்புறம் மலேரியா, வயிற்றுக்கடுப்பு; மலேரியா மருந்தான கொய்னா போதவில்லை. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தபோது குண்டில் செத்தவர்களைவிட நோயிலும் பசியிலும் செத்தவர்களே அதிகம்.

பிரிட்டிஷார் நெருங்கவே, 1945 ஏப்ரல் 24 இரவு போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். அவரது மகளிர் பிரிவான ஜான்சிராணிப் படைப் பெண்களும் கூடவே வந்தார்கள். பகலில் விமானத் தாக்குதல் என்பதால் இரவில்தான் பயணம். வண்டி போகாத இடங்களில் எல்லோரோடும் அவரும் நடந்தார். பாங்காக் சேர ஏறத்தாழ மூன்று வாரம்.

புறப்படும் முன் சில ஆயிரம் வீரர்களைத் தன் தளபதி லோகநாதன் பொறுப்பில் ரங்கூனிலேயே நிறுத்தினார். ஜப்பானியர் போய், பிரிட்டிஷார் வராத அந்த நாட்களில் இந்தியர் வீடுகளும் கடைகளும் கொள்ளை போகாமல் காவல் காப்பது அவர்கள் வேலை.