சர்க்கரைக் கிண்ணம்

ஷெர்லி ஜாக்சனின் 'வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்' (1962) நாவலை நேற்று ராத்திரி முடித்தேன். இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை.

சர்க்கரையில் கலந்திருந்த ஆர்சனிக், ஒரே வீட்டில் நான்கு பேரைக் கொன்றுவிடுகிறது. மிஞ்சியது அக்கா கான்ஸ்டன்ஸ், தங்கை மெரிகேட், சக்கர நாற்காலியில் பெரியவர் ஜூலியன். அப்புறம், போலீஸ் வருமுன்பே அந்தச் சர்க்கரைக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டாள் கான்ஸ்டன்ஸ். கேட்டால், உள்ளே சிலந்தி கிடந்ததாம்!

மெரிகேட் வீட்டைக் காக்க மண்ணில் பொருட்களைப் புதைக்கிறாள், மரத்தில் புத்தகத்தை ஆணியடித்து மாட்டுகிறாள். இப்படியிருக்க, பணப்பெட்டியில் கண்ணாக வந்து சேர்கிறான் உறவுக்காரன் சார்லஸ்.

விஷம் வைத்தது யார் என்பது பாதியிலேயே ஊகித்துவிடக்கூடியதுதான். என்னை உலுக்கியது அந்த அக்கா தங்கை பாசம்தான். அவ்வளவு மென்மை, அவ்வளவு பயங்கரம்.

படித்தவர்கள் சொல்லுங்கள், கான்ஸ்டன்ஸ் அந்த வீட்டில் மனசாரத்தான் தங்கினாளா?