ஏழாம் மாசத்துல நான் குடிச்ச மூலிகை சாயா

வளைகாப்பு முடிஞ்சி பூதப்பாண்டில அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே ஆன்லைன்ல ஒரு பாக்கெட் ஆர்டர் போட்டேன், தாய்ப்பால் நல்லா ஊறதுக்கான மூலிகை டீன்னு. காரணம் எங்க மைனிதான். அவுங்களுக்கு மொத பிள்ளைக்கு பால் பத்தலன்னு பத்தாம் நாளே பால்பொடி கலக்க ஆரம்பிச்சாவ, அன்னைக்கு அவுங்க கட்டில்ல உக்காந்து அழுதது என் மனசுலயே கெடந்துச்சு, நமக்கும் அப்பிடி ஆயிரக்கூடாதுன்னு ஒரே பயம்.

தெனமும் மூணு டம்ளர். சாப்பிட்ட ஒடனே குடிப்பேன், அந்த சாயாவோடயே இரும்புச்சத்து மாத்திரையும் போட்ருவேன். பத்து நாள் இருக்கும், சாயங்காலம் ஆனா அடிவயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விட ஆரம்பிச்சுது. செக்கப்புக்கு போனா பிபியும் 110/70 இருந்தது 130/84 காட்டுது. நல்லவேளை பாக்கெட்ட பைக்குள்ள வச்சிருந்தேன், எடுத்து டாக்டரம்மா கையில குடுத்தேன்.

அவுங்க பின்பக்கம் பொடி எழுத்துல இருந்தத ஒவ்வொண்ணா வாசிச்சாவ. வெந்தயம், பெருஞ்சீரகம், சதாவரி, அதிமதுரம். கொழம்புல தோசமாவுல போடுற வெந்தயம் ஒண்ணும் செய்யாது, ஆனா மருந்து அளவுக்கு கர்ப்பத்துல எடுத்தா கர்ப்பப்பைய சுருங்க வைக்க வாய்ப்பிருக்கு, சுகரையும் கொறைக்கும், அதிமதுரம் பிபிய ஏத்தும், அதனால இன்னைக்கோட நிறுத்துன்னாவ. வயிறு இறுகினது இதனாலதான்னு அடிச்சு சொல்லல, ஆனா நிறுத்துன நாலாம் நாள் அந்த இறுக்கம் கொறஞ்சிட்டு. மாத்திரைய சாயாவோட போட்டா இரும்புச்சத்து சரியா ஒடம்புல ஒட்டாதாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும்னாவ.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு பெரிய தெளிவு. பால சுரக்க வைக்கது சாயா இல்ல, பிள்ள பொறந்து நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் புரோஜெஸ்டிரான்ங்குற ஹார்மோன் சட்டுன்னு எறங்கும், அதுதான் பாலுக்கு வழி விடுது, அதுக்கு மேல பிள்ள எவ்வளவு குடிக்குதோ அவ்வளவு ஊறும், சீம்பாலு கர்ப்பத்துல பாதி மாசம் ஆகும்போவே உள்ள தயாராக ஆரம்பிச்சிரும்னாவ. எட்டாம் மாசம் ஒருநாள் காலைல நைட்டில மஞ்சளா ரெண்டு வட்டம், காஞ்சி மொடமொடன்னு இருந்துச்சு, அதத் தொட்டுப் பாத்தப்போதான் எனக்கு உயிரே வந்துச்சு.

வீட்டுல சொன்னா அம்மா, "பெத்த பெறவு குடுக்கதுதான் மக்களே பேறுகால மருந்து, சுமக்கும்போ குடுக்கச் சொல்லி யாரு சொன்னா?"ன்னு கேக்காவ! பூண்டு, வெந்தயக் கஞ்சி எல்லாத்தையும் நம்ம பாட்டிமாரு பிரசவத்துக்கு பெறவுதான் வச்சிருக்காவ, நாந்தான் பாக்கெட்ட பாத்து முன்னால இழுத்துட்டேன். பெறவு எனக்கு சீரகவெள்ளம் மட்டுந்தான்.

சாயாவுக்கு பதிலா செஞ்ச உருப்படியான காரியம், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸக்காகிட்ட பால் குடுக்கப் படிச்சது. ஒரு துண்ட பிள்ள மாதிரி சுருட்டி என் மடில வச்சி, மூக்குக்கு நேரா காம்பு இருக்கணும், வாய பெருசா தொறக்கும்போ பிள்ளைய நம்ம பக்கம் சேக்கணும், நாம குனிஞ்சி போவக்கூடாது, காம்பு மட்டும் இல்ல கருப்பு வட்டமும் வாய்க்குள்ள போவணும்னு மூணு தடவ செய்ய வச்சாவ.

பிள்ள பொறந்த மொத மணி நேரத்துக்குள்ளயே நெஞ்சுல போட்டாச்சு. ரெண்டு நாள் சொட்டு சொட்டா சீம்பாலுதான், குளச்சல்லேருந்து வந்த மாமி பிள்ள பட்டினி கெடக்குன்னு பால்பொடி வாங்கச் சொன்னாவ. எனக்கும் நெஞ்சு பதறிச்சு, ஆனா மொத நாள் பிள்ள வயித்துல ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் கொள்ளும்னு நர்ஸக்கா சொன்னது ஞாபகம் இருந்துச்சு, பத்து பன்னெண்டு தடவ விடாம குடுத்தேன். மூணாம் நாள் ராத்திரி மாரு ரெண்டும் கனத்து சூடா வீங்கி, ஜாக்கெட் நனைஞ்சி, பிள்ள முழுங்குற சத்தம் கட்டில்ல இருந்த அம்மாவுக்கு கேட்டுச்சு. அஞ்சாம் நாள்லேருந்து பால் பத்துதான்னு பாக்க மூத்திரத்துணிய எண்ணுவேன், ஒரு நாளைக்கு ஆறுக்கு கொறையல.

வெந்தயக் கஞ்சி அதுக்கு பெறவு டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு குடிச்சேன். என் வேர்வையும் பிள்ள மூத்திரமும் பாகு காய்ச்சின மாதிரி ஒரு மணம் அடிக்கும், அது வெந்தயத்தால வரதுதான், பயப்படாதீங்க. மாமி ஆசையா சுறாப்புட்டு செய்யணும்னாவ, சுறால பாதரசம் கூடுதல், பால் குடுக்கும்போ வேண்டாம்னு டாக்டர் சொன்னத சொன்னேன், மூஞ்சி கொஞ்சம் வாடிச்சு, ஆனா மறுநாளே சாளையும் நெத்தோலியும் வாங்கிட்டு வந்தாவ.

மாசமா இருக்கவங்க எந்த மூலிகை பாக்கெட் வாங்கினாலும் குடிக்கதுக்கு முன்னால அந்த பாக்கெட்டயே டாக்டர்கிட்ட கொண்டு காட்டுங்க, சுகர் பிபி இருந்தா கண்டிப்பா. பிள்ளைக்கு ஆறு மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு, இதுவரைக்கும் தாய்ப்பாலு மட்டுந்தான், அம்மா இப்பமே பிள்ளைக்கு கூழு காய்ச்ச ஏத்தங்காய சீவி மொட்டமாடில காயப் போட்டாச்சு.