டைவர்ஸ்ல நகையும் ஃபிளாட்டும் பிரிச்ச கதை

டைவர்ஸ்னா புருஷன் சொத்துல பாதி தானா வந்துரும்னு தான் நானும் நெனச்சிருந்தேன். வக்கீலம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க, நம்ம நாட்டுல அப்படி சட்டம் இல்லம்மா, கோவா மட்டும் தான் வேற, மத்தபடி கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கினதுங்கறதுக்காகவே பொதுச்சொத்து ஆயிடாது, யார் பேர்ல இருக்கு, யார் பணம் போட்டாங்க, அதான் பேச்சு, ஜீவனாம்சம் தனின்னு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

எங்க வீட்ல போட்ட 42 பவுனும் மாமியார் லாக்கர்ல. அது சீதனம், முழுக்க பொண்ணுக்கு தான் சொந்தம்னு சுப்ரீம் கோர்ட் 1985லயே சொல்லியாச்சு, 2024ல ஒரு 89 பவுன் கேஸ்ல கூட அந்த பொண்ணுக்கு 25 லட்சம் குடுக்க சொன்னாங்க. ஆனா நகை இருந்துச்சுன்னு நாம தானே காட்டணும்? பில் கொஞ்சம் அம்மா பீரோல கெடச்சுது, எழுத்தெல்லாம் மங்கிப்போய். மீதிக்கு கல்யாண ஆல்பத்த தரையில விரிச்சு வச்சு நானும் அம்மாவும் ரெண்டு ராத்திரி உக்காந்து ஆரம், நெக்லஸ், வங்கின்னு ஒவ்வொண்ணா எந்த போட்டோல தெரியுதுன்னு நம்பர் போட்டு எழுதினோம். முகூர்த்த போட்டோல மாலை ஆரத்த மறச்சிருச்சு, ரிசப்ஷன் போட்டோல தான் முழுசா தெரிஞ்சுது, அத பாத்ததும் அம்மா அழுதுட்டாங்க.

ஃபிளாட் ரெண்டு பேர் பேர்லயும், லோனும் அப்படியே. நாலு வருஷம் என் அக்கவுண்ட்ல இருந்து இஎம்ஐ போன ஸ்டேட்மென்ட் இருந்ததால மீடியேஷன்ல அவரால மறுக்க முடியல, உன் பங்குக்கு பணம் தரேன், பங்க எனக்கு விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுன்னாரு. நான் உடனே கையெழுத்து போட்டிருப்பேன். வக்கீலம்மா தான் தடுத்தாங்க, பத்திரத்துல பேர் போனாலும் லோன்ல இருக்கும், அவர் கட்டலன்னா பேங்க் உன்கிட்ட தான் வரும், சிபில் ஸ்கோரும் போயிடும்னு. அதனால முதல்ல பேங்க் என்னைய லோன்ல இருந்து விடுவிக்கணும், பணம் டிடியா வரணும், அப்புறம் தான் கையெழுத்துன்னு ஒப்பந்தத்துலயே எழுத வச்சாங்க. மூணு மாசம் இழுத்துச்சு. இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுக்குடுக்காதீங்க.

நகைய வக்கீல் ஆபீஸ்ல தராசு வச்சு எடை போட்டு, லிஸ்ட்ல டிக் அடிச்சு வாங்கினோம். 38 பவுன் வந்துச்சு. பாட்டியோட கெட்டி வளையல் ரெண்டும் வரல, அது எந்த போட்டோலயும் இல்ல.