மார்கழியில் கோயம்பேடு: ஆட்டோவுக்கு 350, ஆப்பிளுக்கு 180

எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியபோது மணி நாலேகால். முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தால் மெட்ரோவில் மலிவாகப் போயிருக்கலாம். அவசரக்குடுக்கை, ஆட்டோவில் ஏறிவிட்டேன். "350 கொடுங்கள் சார், மார்கழிக் குளிர்" என்றார் ஓட்டுநர். எந்தக் குளிர்? மதுரையிலிருந்து போர்த்தி வந்த சால்வை கழுத்தில் கசகசத்துக்கொண்டிருந்தது. பேரம் பேசியும் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பகல் கொள்ளைகூட இல்லை, விடியுமுன் கொள்ளை.

அந்த எரிச்சலைத் தணித்தது மார்க்கெட் ஓரத்துக் கடைப் பொங்கல். முழு மிளகு பல்லில் படப்பட, நெய் விரலில் வழிய, 50 ரூபாய். இரண்டாவது வடைக்கு ஆசை வந்தது, பர்ஸ் தடுத்தது.

பழ மண்டியில் காஷ்மீர் ஆப்பிள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம், வெயில் ஊரில் இருந்துகொண்டு குளிரைப் பற்றிக் கவலைப்படுவீர்களா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். "சிம்லாவில் பனி விழுந்ததா என்று கேட்காமல் தோட்டத்துக்கு முன்பணம் அனுப்ப மாட்டேன், அண்ணே" என்றார்.

விஷயம் இதுதான். ஆப்பிள் மரம் இலையுதிர்த்துத் தூங்க வேண்டும். பழைய ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரமாவது தேவை. தூக்கம் குறைந்தால் ஒரு கிளை பூத்து நிற்கும், பக்கத்துக் கிளை மொட்டாகவே இருக்கும். காய்ப்பும் அப்படித்தான், அரைகுறை. இமாச்சலின் கோட்கரில் 1916-ல் ஸ்டோக்ஸ் என்பவர் வேரூன்ற வைத்த ஆப்பிள், இன்று குளிரைத் தேடி கின்னௌர், லாஹௌல் என்ற உயரமான பகுதிகளுக்கு மேலே மேலே ஏறுகிறது. மலைக்கும் உச்சி உண்டே! குளிர் குறைவாகவே கேட்கும் எச்ஆர்எம்என்-99 ரகத்தை இமாச்சலிலேயே பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கியிருக்கிறார். எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பிஸ்தா பாடு இன்னும் மோசம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. குளிர் போதாமல் இரண்டும் வெவ்வேறு நாளில் பூத்தால் காற்று சுமந்து வரும் மகரந்தம் வீண். 2015-ல் கலிபோர்னியாவில் ஓட்டுக்குள் பருப்பே இல்லாத காய்கள் குவிந்தன. (விலை விசாரித்தேன். வாங்கவில்லை.)

நம் மாமரமும் இளங்குளிர் இரவுகளைப் பார்த்துத்தான் பூக்கிறது. இரவு கதகதத்தால் பூவுக்குப் பதில் தளிர் விடும்.

கிலோ 180-க்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டிருந்தபோது மண்டிக்காரரின் போன் அடித்தது. சந்தை இந்தியில், "பர்ஃப் கிரா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். "பனி இன்னும் விழவில்லையாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியின் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தார்.