கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம்: 11-வது வாரம்

ராத்திரி பல் துலக்க ஆரம்பித்து இன்றோடு 11 வாரம். ஊருக்குப் போன நாட்களிலும் விடவில்லை. நேற்று பல் டாக்டர் மெல்லிய கம்பியை ஈறோரம் விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரத்தமே வரலையே" என்றார். மார்ச்சில் அதே கம்பி பட்ட இடமெல்லாம் கசிந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

ஆனால் ஒரே ஒரு இடம் இன்னும் வழிக்கு வரவில்லை. கீழ்வரிசை முன்பற்கள் ஆறின் உள்பக்கம். மார்ச்சில்தான் க்ளீனிங் செய்தோம், நாக்கு நுனியால் தடவினால் அதற்குள் சொரசொரப்பு. உமிழ்நீர்ச் சுரப்பி நாக்குக்கு அடியில், அந்தப் பற்களுக்குப் பக்கத்திலேயே திறக்கிறது. பல்லில் கிருமிப் படலம் மிச்சமிருந்தால் உமிழ்நீரின் கால்சியம் அதில் ஏறிக் காரையாக இறுகிவிடும். இறுகியதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது.

எங்கே விடுகிறேன் என்று தெரிய, மெடிக்கலில் சொல்லிவைத்துச் சிவப்புச் சாய மாத்திரை வாங்கினேன். மென்றால், துலக்காமல் விட்ட படலத்தில் சாயம் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு நிமிடம் துலக்கிவிட்டு மென்று துப்பி, சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாகப் பார்த்தேன். வெளிப்பக்கம் பளிச். உள்ளே ஈறை ஒட்டி, பல்லுக்குப் பல் விடாமல் செம்பருத்தி நிறத்தில் ஒரு கோடு! மனசே ஆறவில்லை.

கோளாறு பிடிக்கிற விதத்தில் இருந்தது. பிரஷ்ஷைப் படுக்கவைத்தால் தாடை வளைவுக்குள் அதன் தலை உட்காராது, பல்லின் மேல்நுனிதான் தேயும். நட்டுக்குத்தலாக நிமிர்த்தி, முன்முனை நாரை ஈறோரத்தில் வைத்து, ஒவ்வொரு பல்லாகக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். பல்லுக்குப் பத்து இழுப்பு. பேனா பிடிக்கிற மாதிரி விரலால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறைகிறது. இப்போது முதலில் துலக்குவதே அந்த இடத்தைத்தான். கடைசிக்கு வைத்தால் தூக்கக் கலக்கத்தில் கை ஓடிவிடுகிறது. முடிந்ததும் நுரையைத் துப்புவதோடு சரி, கொப்பளிப்பதில்லை. ஃப்ளோரைடு ராத்திரி முழுக்கப் பல்லில் தங்கட்டும்.

போன ஞாயிறு மறுபடி மாத்திரை. ஆறில் நாலு சுத்தம். மிச்சம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற பற்கள், சாயம் இடுக்கில் நிற்கிறது. அதற்கு இடுக்கு பிரஷ்தான் வேண்டும். எங்கள் தெருவில் மூன்று மெடிக்கல், மூன்றிலும் தடி சைஸ்தான் இருக்கிறது. அதைத் திணித்தால் ஈறு கிழியும். 0.4 மி.மீ. சைஸை ஆன்லைனில் ஆர்டர் போட்டிருக்கிறேன். 'சாஃப்ட்' என்று அட்டையில் போட்டு விற்கிற பிரஷ்களிலும் ஒன்று மூன்றே வாரத்தில் நார் விரிந்து படுத்துவிட்டது. அந்த வகையை இனி வாங்குவதாக இல்லை.

அம்மா இன்னும் பல்பொடியும் ஆள்காட்டி விரலும்தான். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு சொல்லி என்னை மடக்குவாள். தடித்த பிடியுள்ள பிரஷ் ஒன்று அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். இடுக்கு பிரஷ் வியாழக்கிழமை வருகிறது. அந்த இரண்டு பல்லுக்கும் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.