சுமைதாங்கிக் கல்லும் காலை வெயிலும்

எங்கள் பக்கத்துப் பழைய வண்டிப்பாதைகளின் ஓரத்தில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. தலைச்சுமையோடு நடந்து வந்தவர்கள் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் தோதாக, நட்டு நிறுத்திய இரண்டு கற்களின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்தவை அவை. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நடும் வழக்கம் இருந்தது; அதை அறிந்த பிறகு, எந்தச் சுமைதாங்கியையும் என்னால் அவசரமாகப் படம் பிடிக்க முடிவதில்லை.

வண்ணத்தில் எடுத்தால் பின்னாலிருக்கும் வயலின் பச்சையே கண்ணை இழுத்துக்கொள்கிறது. கறுப்பு வெள்ளையில் உளித்தடமும், சுமைகள் உரசி வழுவழுப்பான மேற்பரப்பும் தெளிவாக எழுந்து வருகின்றன. சூரியன் தாழ்ந்து, ஒளி கல்லைப் பக்கவாட்டில் தடவிச் செல்லும் காலைப் பொழுதில், உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாத தேய்ந்த எழுத்துகள்கூட நிழல் கட்டி நிற்கும். ஃபிலிமில் எடுக்கும்போது சிவப்பு ஃபில்டர் நீல வானத்தைக் கறுக்கச் செய்து கல்லை முன்னே கொண்டுவருகிறது. ஆனால் ஏறக்குறைய 3 ஸ்டாப், அதாவது எட்டில் ஏழு பங்கு வெளிச்சத்தை அது விழுங்கிவிடுவதால் முக்காலி வேண்டும்.

சாலை அகலப்படுத்தியபோது பெயர்த்துப் போட்ட ஒரு சுமைதாங்கியின் கிடைக்கல், இப்போது வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது. அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.